அப்பாவுக்கு ஒரு ஞாயிறு காலை: பொங்கல், வடை, கொத்சு, கேசரி, காபி

என் அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். முதல் ட்ரிப் எடுக்க விடியற்காலை நாலு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். அதனால் அவருடைய காலைச் சாப்பாடு எங்கள் வீட்டில் நடந்ததே கிடையாது. ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில், கண்டக்டர் வந்து கூப்பிடுவதற்குள் அள்ளிப் போட்டுக்கொண்ட பொங்கல் வடைதான். ரிட்டயராகி இத்தனை நாளாகியும் பத்து நிமிஷத்தில் இலையைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.

தந்தையர் தினம் என்று நான் அவருக்கு முதன்முதலில் செய்தது பான்கேக். மேலே வாழைப்பழத் துண்டு, அதற்கும் மேலே தேன். மறுபேச்சில்லாமல் இரண்டு சாப்பிட்டார். “நல்லாருக்குடா” என்றார். அரை மணி கழித்து அடுக்களையில் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது: “பழையது ஏதாவது கெடக்கா?”

அன்றைக்குப் புத்தி வந்தது. அப்பாவுக்கு விசேஷமாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால், அவர் ஓட்டலுக்குப் போனால் மெனு கார்டைப் பார்க்காமலே என்ன சொல்வாரோ அதைச் செய்ய வேண்டும். உங்கள் அப்பா பூரி கிழங்கு ஆளாக இருக்கலாம். ஆப்பம் பாயா இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே விடியாதவராக இருக்கலாம். என் அப்பா பொங்கல் வடை ஆள். கூடவே கத்திரிக்காய் கொத்சு, கடைசியில் கொஞ்சம் கேசரி, எல்லாவற்றுக்கும் முன்னால் காபி. நாலு பேருக்கு, காலை 8 மணிக்கு இலை போடுகிற கணக்கில் எழுதுகிறேன். கப் என்று சொல்வதெல்லாம் 200 மில்லி டம்ளர்.

எந்த நாள்?

தந்தையர் தினம் ஜூன் மாதத்து மூன்றாவது ஞாயிறு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் ஊரில் சோனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண்ணின் முயற்சியில் 1910 ஜூன் 19 அன்று முதலில் கொண்டாடியது. தாயில்லாமல் ஆறு பிள்ளைகளை வளர்த்த தன் அப்பாவுக்காக அவர் கேட்ட நாள் அது. அங்கே அதைச் சட்டமாக்க 1972 வரை ஆனது. ‘நமக்கெதற்கு இதெல்லாம்’ என்று முதலில் நானும் நினைத்தவன்தான். ஆனால் எங்கள் அப்பாவுக்குச் சர்டிபிகேட்டில் இருக்கும் பிறந்த நாள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டது. உண்மையான நாள் என்னவென்று கேட்டால் “ஐப்பசி அடைமழையில பொறந்தேனாம்” என்பதோடு கணக்கு முடிந்துவிடும். அப்படிப்பட்ட அப்பாக்களுக்கு இந்த ஞாயிறு வசதி. பிள்ளைகளுக்கு லீவும் கிடைக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தை முன்கூட்டியே கவனியுங்கள். அப்பா சுகருக்கு மாத்திரை போடுகிறவர், இன்சுலின் எடுக்கிறவர் என்றால், நாம் சமைத்து முடிக்கிறவரைக்கும் அவரைக் காக்க வைக்கக் கூடாது. மருந்து உள்ளே போய்ச் சாப்பாடு தாமதமானால் சுகர் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். அவருடைய வழக்கமான நேரம் 8 என்றால் 8 மணிக்கு இலை போட்டாக வேண்டும். மொத்தத் திட்டமும் அந்த நேரத்தை வைத்துத்தான்.

முதல் நாள் ராத்திரி

பாதி வேலை ராத்திரியே முடிந்துவிட வேண்டும். காரணம் சோம்பல் இல்லை, சத்தம். விடியற்காலை அஞ்சு மணிக்கு மிக்ஸி ஓடினால் தெருவே எழுந்து உட்காரும். அப்பா முதலில் எழுந்து வந்து, “தள்ளு, நான் பாத்துக்கறேன்” என்று கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார்.

வடை மாவு: தோல் நீக்கிய முழு உளுந்து 1 கப், பச்சரிசி 1 மேஜைக்கரண்டி இரண்டையும் கழுவி, சாயங்காலம் ஏழரைக்கு ஊற வையுங்கள். இரண்டு மணி நேரம் போதும். ரொம்ப நேரம் ஊறின உளுந்தில் செய்த வடை எண்ணெயைக் குடிக்கும். ஊறியதும் தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிட்டு அரையுங்கள். கிரைண்டர் என்றால் 25 நிமிஷம், கையால் தண்ணீர் தெளித்துத் தெளித்து. மிக்ஸி என்றால் ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், ஐஸ் தண்ணீர் தெளித்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். மிக்ஸி சூட்டில் மாவு இறுகி வடை கல்லாகிவிடும். மொத்தமாகவே கால் கப் தண்ணீருக்குள் முடிய வேண்டும்.

பதம் பார்க்க ஒரு கிண்ணம் தண்ணீரில் சிட்டிகை மாவைப் போடுங்கள். பஞ்சு மாதிரி மிதந்தால் சரி. மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை என்று அர்த்தம். கையால் ஒரே பக்கமாக இரண்டு மூன்று நிமிஷம் அடித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். இந்த அடிப்பு ரொம்ப முக்கியம். மெதுவடையில் ‘மெது’ வருவது சோடா உப்பால் இல்லை, இதனால்தான். மாவை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உப்பு மட்டும் இப்போது போடாதீர்கள். ராத்திரி முழுக்க உப்போடு இருந்தால் மாவு நீர்த்துவிடும், காலையில் தட்டவே வராது. ஒரு வருஷம் நான் இதைச் செய்துவிட்டு முழித்த கதையைப் பின்னால் சொல்கிறேன்.

கொத்சு: இதை ராத்திரியே செய்து வைப்பது குறுக்கு வழி இல்லை. புளியும் காரமும் கத்திரிக்காயில் ஊறி, மறுநாள்தான் கொத்சுக்கு ருசி கூடும். சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நடராஜர் கோவில் சம்பா சாதத்துக்கே துணை கொத்சுதான்.

தனியா ஒன்றரை மேஜைக்கரண்டி, கடலைப்பருப்பு 1 மேஜைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 5, வெந்தயம் கால் டீஸ்பூன். ஒரு சொட்டு நல்லெண்ணெயில் பருப்பு பொன்னிறமாகும்வரை வறுத்து, ஆறியதும் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். வாணலியில் நல்லெண்ணெய் 4 மேஜைக்கரண்டி. கையை இழுக்காதீர்கள், கொத்சு எண்ணெயில்தான் நிற்கும். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, சின்ன வெங்காயம் 15, தக்காளி 2 வதக்கி, கால் கிலோ பிஞ்சுக் கத்திரிக்காயைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். காயைத் தண்ணீரில் போட்டு நறுக்கி, போடுவதற்கு முன் பிழிந்தெடுங்கள். இல்லாவிட்டால் கறுத்துப் போகும். மூடி வைத்து, கை வைத்தாலே மசிகிற அளவு வெந்ததும் மத்தால் லேசாகக் கடையுங்கள். சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து 2 கப் தண்ணீராக ஊற்றி, மஞ்சள் தூள், உப்பு போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க விட்டு, பொடியைத் தூவி, சுண்டைக்காய் அளவு வெல்லம் போடுங்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுங்கும்போது அடுப்பை அணைத்துவிடலாம். ஆறியதும் இதுவும் ஃபிரிட்ஜுக்குள்.

மிச்சமெல்லாம் சில்லறை வேலை. பச்சரிசியும் பருப்பும் அளந்து தனித்தனியாக வைத்துவிடுங்கள். தேங்காய் துருவி மூடி வையுங்கள். முந்திரியை உடைத்து வைத்தால் காலையில் ஐந்து நிமிஷம் மிச்சம். வாழை இலை வாங்கியாயிற்றா என்று பாருங்கள். கேஸ் சிலிண்டர் தீரும் தறுவாயில் இருக்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள், அது தீர்வது இப்படிப்பட்ட நாளில்தான்.

காலை 5:30, காபி

என் அப்பாவை யாரும் ஆச்சரியப்படுத்த முடியாது. அலாரமில்லாமல் ஐந்தேகாலுக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பார். அதனால் முதல் நகர்த்தல் காபி. அவர் கையில் டபரா டம்ளர் போய்விட்டால் அடுக்களைப் பக்கம் அரை மணி வர மாட்டார்.

ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் குவித்த 4 மேஜைக்கரண்டி காபிப் பொடி. நான் வாங்குவது 80-க்கு 20 சிக்கரி. தூய காபிப் பொடியில் போட்டால் “தண்ணியா இருக்கு” என்பார். பொடியைச் சமமாகப் பரப்பி, குடையால் லேசாக அழுத்தி வையுங்கள். ரொம்ப அழுத்தினால் இறங்கவே இறங்காது. அழுத்தாவிட்டால் கடகடவென்று இறங்கி நிறம் மட்டும்தான் இருக்கும். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் முதலில் கொஞ்சம் ஊற்றிப் பொடியை நனைத்து, அரை நிமிஷம் விட்டு மீதியை ஊற்றுங்கள். மொத்தம் 200 மில்லி. மூடிவிட்டு 20, 25 நிமிஷம் மறந்துவிடுங்கள். இடையில் தட்டுவது, ஆட்டுவது, திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம்.

பால் தண்ணீர் கலக்காத கெட்டிப் பால். ஒரே தடவை பொங்கவிட்டு உடனே கலக்க வேண்டும். டிகாக்‌ஷனைச் சூடு பண்ணவே கூடாது. டம்ளரில் சர்க்கரை, அதன்மேல் கால் டம்ளர் டிகாக்‌ஷன், அதன்மேல் கொதிக்கிற பால். இரண்டு ஆற்று ஆற்றி நுரையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு, “அப்பா, பேப்பரும் வெத்தலையும் வாங்கிட்டு வந்துடுங்களேன்” என்று ஒரு வேலையையும் கொடுத்துவிட வேண்டும். வழியில் நாலு பேரிடம் பேசிவிட்டு வர முக்கால் மணி ஆகும். அந்த முக்கால் மணி நம்முடையது.

6:30, கேசரி

கேசரியை முதலிலேயே செய்துவிடலாம். வெதுவெதுப்பாகச் சாப்பிட்டாலும் நன்றாகவே இருக்கும். ரவை அரை கப், தண்ணீர் ஒன்றேகால் கப், சர்க்கரை முக்கால் கப், நெய் கால் கப். நெய்யில் முந்திரி திராட்சை வறுத்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் ரவையைச் சின்னத் தீயில் வாசனை வர வறுங்கள். பக்கத்து அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். குங்குமப்பூ நாலு இதழோ, கேசரிப் பவுடர் சிட்டிகையோ அந்தத் தண்ணீரிலேயே போட்டுவிடுங்கள். ரவையில் அதை ஊற்றிக் கிளறி, மூடி, மூன்று நிமிஷம். ரவை முழுசாக வெந்தபிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே போட்டால் தண்ணீரைச் சர்க்கரை பிடித்துக்கொள்ளும், ரவை நறுக் நறுக்கென்றே நின்றுவிடும். சர்க்கரை போட்டதும் இளகும். பயப்படாமல் கிளறுங்கள், இரண்டு மூன்று நிமிஷத்தில் சுருண்டு வாணலியை விட்டு வரும். ஏலக்காய் தட்டிப் போட்டு மூடி வையுங்கள்.

இப்போதே வடை மாவையும் கொத்சையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

7:00, பொங்கல்

பச்சரிசி 1 கப், பாசிப்பருப்பு அரை கப். பருப்பை வெறும் வாணலியில் வறுக்க வேண்டும், ஆனால் சிவக்கக் கூடாது. கைக்குச் சூடாகி, மூக்குக்கு வாசனை எட்டியதும் போதும். இரண்டையும் கழுவி, 5 கப் தண்ணீர், உப்பு, ஒரு துண்டு தட்டின இஞ்சி போட்டு, 5 லிட்டர் குக்கரில் நாலைந்து விசில். பிறகு சின்னத் தீயில் ஐந்து நிமிஷம். மூன்று லிட்டர் குக்கர் என்றால் பருப்பு நுரைத்து விசில் வழியாக அடுப்பெல்லாம் கக்கும். புது அரிசியாக இருந்தால் அரை கப் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் தானாக அடங்கியதும் திறந்து, சூட்டோடு கரண்டியின் பின்பக்கத்தால் மசியுங்கள். பார்க்கத் தண்ணியாகத்தான் இருக்கும். அதுதான் சரியான பதம். பொங்கல் ஆற ஆற இறுகும். குக்கரிலேயே கெட்டியாக இருந்தால், இலைக்கு வரும்போது அதைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். எதற்கும் ஒரு கப் வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டல் பொங்கல் எப்போது போனாலும் குழைவாக இருப்பதற்கு அந்த வெந்நீரும், பரிமாறும்போது விடுகிற இன்னொரு கரண்டி நெய்யும்தான் காரணம்.

தாளிப்பு கடைசி நிமிஷ வேலை. நெய் 4 மேஜைக்கரண்டி. முதலில் முந்திரியைப் பொன்னிறமாக வறுத்து எடுத்துவிடுங்கள். அதே நெய்யில் மிளகு ஒன்றரை டீஸ்பூன். பாதியை முழுசாகவும் பாதியை ஒன்றிரண்டாகத் தட்டியும் போடுவேன். முழு மிளகு கண்ணுக்கு அழகு. ஆனால் எல்லோரும் அதைப் பொறுக்கி இலை ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். தட்டின மிளகுதான் தொண்டைக்குள் இறங்கும். பிறகு சீரகம் 1 டீஸ்பூன், பொடியாக நறுக்கின இஞ்சி, இரண்டு ஆர்க்கு கறிவேப்பிலை, பெருங்காயம். சீரகம் பொரிந்த கையோடு பொங்கலில் கொட்டுங்கள். ‘சொய்ங்’ என்று சத்தம் வர வேண்டும்.

குக்கர் அடங்குகிற நேரத்தில் சட்னியை அரைத்துவிடலாம்: தேங்காய் 1 கப், பொட்டுக்கடலை 2 மேஜைக்கரண்டி, பச்சை மிளகாய் 3, துண்டு இஞ்சி, உப்பு. இதற்கு மேல் சட்னிக்கு என்ன சொல்ல? கொத்சையும் ஒரு கொதி விட்டுவிடுங்கள்.

7:35, வடை

மாவில் இப்போது உப்பு, நறுக்கின பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய். இன்னொரு தடவை அடியுங்கள். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு பொட்டு மாவு போடுங்கள். உடனே மேலே வந்து, ஆனால் உடனே சிவக்காமல் இருந்தால் சரியான சூடு. அதற்குமேல் நடுத்தரத் தீதான். பெரிய தீயில் வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கும்.

கையை நன்றாக நனைத்து, எலுமிச்சை அளவு மாவை நாலு விரலில் வைத்து, கட்டை விரலால் நடுவில் ஓட்டை போட்டு, எண்ணெய்க்குப் பக்கத்தில் போய்ச் சரியவிட வேண்டும். உயரத்திலிருந்து போட்டால்தான் தெறிக்கும். கை பழகாதவர்களுக்கு டீ வடிகட்டி இருக்கிறது: அதன் பின்பக்கத்தை நனைத்து, மாவை வைத்து, ஓட்டை போட்டு, எண்ணெய்க்கு மேலே கவிழ்த்தால் வடை தானாக விழும். நான் முதல் இரண்டு வருஷமும் அப்படித்தான் போட்டேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பக்கம் பொன்னிறமானதும் திருப்புங்கள். எண்ணெயின் சலசலப்பு அடங்கினால் வடை வெந்துவிட்டது. பதினான்கு, பதினைந்து வடை வரும்.

இப்போது அந்தக் கதை. ராத்திரியே உப்புப் போட்டதில் மாவு இட்லி மாவு போல ஆகிவிட்டது. இரண்டு மேஜைக்கரண்டி அரிசி மாவு போட்டும் வடிவம் நிற்கவில்லை. மணி ஏழே முக்கால். வாசலில் செருப்புச் சத்தம். ஓட்டையை மறந்துவிட்டு, கையால் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். அப்பா இலையில் பார்த்துவிட்டு, “போண்டாவா? பேஷ்” என்றார். உளுந்து போண்டா ஓட்டலிலேயே விற்கிற பண்டம்தான். உங்களுக்கும் அப்படி ஆனால் வாயைத் திறந்து வடை என்று சொல்லிவிடாதீர்கள்.

சுகர், பிரஷர் உள்ள அப்பாவுக்கு

பச்சரிசிக்குப் பதில் சாமை போட்டு இதே பொங்கலைச் செய்யலாம். தண்ணீர் நாலரை கப், மூன்று விசில் போதும். ஆனால் சாமையும் மாவுச்சத்துதான். சிறுதானியம் என்று இரண்டு மடங்கு போடுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அரிசியோ சாமையோ, ஒரு கப் பொங்கல், ஒரு வடை, கொத்சு தாராளமாக, கேசரி நாக்கில் வைக்க ஒரு ஸ்பூன். காபியில் சர்க்கரை வேண்டாம். பிரஷர் இருந்தால் பொங்கலில் உப்பைக் குறைத்துவிடுங்கள். மிளகும் புளியும் அந்தக் குறையைத் தெரியவிடாது. இதையெல்லாம் அடுப்படியிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இலை முன்னால் உட்கார்ந்தவரிடம் சுகர் லெவல் பேசுவது மகா பாவம்.

8:00, இலை

நுனி இலை, நுனி அவருடைய இடது கைப் பக்கம். கேசரி முதலில். பிறகு நடுவில் பொங்கல், மேலே குழி செய்து நெய். வடை இரண்டு. கொத்சும் சட்னியும் ஓடாத அளவுக்கு. பொங்கலைத் தாளித்த ஐந்து நிமிஷத்துக்குள் இலைக்கு வந்துவிட வேண்டும். அதனால் அவர் கை கழுவப் போகும்போதுதான் நெய்யை அடுப்பில் வைக்கிறேன். அம்மாவையும் கூடவே உட்கார வையுங்கள். “நீ சாப்பிடு, நான் அப்புறம்” என்பாள். விடாதீர்கள். பாத்திரம் முழுக்க நாம் தேய்க்கிறோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவுக்குக் கொண்டாட்டம், அம்மாவுக்குத் தண்டனை.

என் அப்பா வடையை அப்படியே கடிக்க மாட்டார். பிட்டு, பொங்கலுக்குள் புதைத்து, மேலே கொத்சை விட்டு, அது ஊறுகிறவரை இந்தப் பக்கம் கேசரியைத் தொட்டுக்கொண்டிருப்பார். பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் ஊறவிட நேரமிருந்திருக்காது என்று போன வருஷம் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவது தடவை பொங்கல் கேட்டார். நான் வெந்நீர் விட்டு இளக்கி, நெய் விட்டுக் கொண்டுபோனேன். மணியைப் பார்த்தேன், எட்டரை ஆகியிருந்தது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

கை கழுவிவிட்டு அடுக்களைக்கு வந்து, தட்டில் மீந்திருந்த வடையை எண்ணினார். “நாலு இருக்கு. வெந்நீர்ல போட்டுப் பிழிஞ்சு, தயிர்ல போட்டு வையுடா. சாயங்காலம் பாத்துக்கலாம்.”